பென்னலூர்ச் சாலையும் பிளேம்புரூப் பெட்டியும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் பெருஞ்சாலையில், ஸ்ரீ ராமானுஜர் அவதரித்த ஸ்தலமாகிய ஸ்ரீபெரும்புதூரை ஒட்டினாற்போல் அமைந்திருக்கும் பென்னலூர், ஒரு தலைமுறைக்கு முன்பு வரையில், ஏரித் தண்ணீரையும் பருவ மழையையும் நம்பி நெல் விளைவித்த தொண்டை மண்டலத்துக் கிராமங்களில் ஒன்றாக இருந்ததேயன்றி, யந்திரங்களின் ஓசையோ ரஸாயனங்களின் வாடையோ அறிந்த ஊராக இருக்கவில்லை. 1971ல் ஏற்படுத்தப்பட்ட சிப்காட் ஸ்தாபனம் இருங்காட்டுக்கோட்டையிலும், ஸ்ரீபெரும்புதூரிலும், பிற்பாடு ஒரகடத்திலும் நிலங்களை அளந்து, சாலை போட்டு, மின்சாரமும் தண்ணீரும் கொண்டுவந்து தொழிலதிபர்களுக்கு வழங்கத் தொடங்கிய பின்னரே இப்பிரதேசத்தின் ஜாதகம் மாறிற்று. 1998ல் ஹூண்டாய் ஆலையிலிருந்து கார்கள் வெளிவந்தன. 2000ம் ஆண்டை ஒட்டிப் பிரெஞ்சு தேசத்து ஸான்-கோபான் கம்பெனியின் கண்ணாடி உலை ஸ்ரீபெரும்புதூரில் பற்றவைக்கப்பட்டது. 2010ல் ரெனோ-நிஸ்ஸான் ஆலையும், 2012ல் ஜெர்மானிய டைம்லர் கம்பெனியின் லாரி ஆலையும் ஒரகடத்தில் திறக்கப்பட்டன. டயர் செய்பவர்களும், மோட்டார் சைக்கிள் செய்பவர்களும், இவர்களுக்கெல்லாம் உதிரி பாகங்கள் செய்து கொடுக்கும் சிறு முதலாளிகளும் கூடவே வந்து சேர்ந்தார்கள். பென்னலூரிலேயே இயங்கிவரும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரியைப் போன்ற கலாசாலைகள், இந்த ஆலைகளுக்கு வேண்டிய இளைஞர்களைத் தயார் செய்யும் பொறுப்பை ஏற்றுக்கொண்டன.

இந்தப் பிரதேசத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் முதலீட்டையும், ஏற்றுமதியையும், விலை ஏறிய நிலத்தையும் பற்றிப் பேசுவது வழக்கம். நான் எடுத்துக்கொள்ளும் விஷயம் அவர்கள் கண்ணில் படாத ஓர் அற்ப வஸ்துவைப் பற்றியது. மோட்டார் ஆலையொன்றில் அபாயம் எங்கே குடியிருக்கிறது என்று கேட்டால், வேடிக்கை பார்க்க வந்தவர் தகடுகளை நசுக்கி வளைக்கும் பிரம்மாண்டமான பிரெஸ்ஸையோ, வெல்டிங் பொறி பறக்கும் கூடத்தையோ காட்டுவார். அங்கேயே பழகிய எலக்ட்ரீஷியன் கைநீட்டிக் காட்டுவது, ஆள் நடமாட்டம் குறைந்து, வாசலில் எச்சரிக்கைப் பலகை தொங்க, தின்னர் வாடை லேசாக வீசும் பெயிண்ட் கலக்கும் அறையையே ஆகும். அந்த அறையில் விளக்குக்கும், ஸ்விட்சுக்கும், கலக்கும் மோட்டாருக்கும் சாதாரணச் சாமான்களைப் போடாமல், ஒரு கையால் தூக்க முடியாத கனத்தோடு, சுற்றிலும் போல்ட் முடுக்கிய வார்ப்பு உலோகப் பெட்டிகளைப் போட்டிருப்பார்கள். தொழிலாளர் அவற்றை ‘பிளேம்புரூப்’ என்றும், இன்னும் சுருக்கமாக ‘எப்.எல்.பி.’ என்றும் சொல்லுவார்கள். இந்தப் பெட்டி பென்னலூர்ச் சாலைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில், எதற்காக இத்தனை ஜாக்கிரதை என்பதைச் சொல்லிவிட வேண்டும். பெயிண்டிலும் தின்னரிலும் கலந்திருக்கும் டொலுவீன், ஸைலீன் முதலிய திரவங்கள் சாதாரண உஷ்ணத்திலேயே ஆவியாகிக்கொண்டிருப்பவை. அந்த ஆவி காற்றோடு கலந்து, நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றேகால் பங்கு என்ற அளவை எட்டியதும், ஒரு சிறு பொறி போதும், அறை முழுவதும் ஒரே கணத்தில் பற்றிக்கொள்ளும். நூற்றுக்கு ஏழு பங்கைத் தாண்டிவிட்டாலோ, ஆவி அதிகமாகிக் காற்று போதாமற் போவதால் பற்றாது. ஆகவே, அபாயம் என்பது அதிக ஆவியில் இல்லை, குறிப்பிட்ட இரண்டு எல்லைகளுக்கு இடைப்பட்ட கலவையிலேயே இருக்கிறது. கண்ணாடி ஆலையின் அபாயம் வேறு வகையானது. தட்டைக் கண்ணாடி செய்யும் முறையில், உருகிய கண்ணாடியானது உருகிய தகரத்தின் மேல் மிதந்து சமனாகிறது. அத்தகரம் காற்றுப் பட்டுக் கெடாதிருக்கும்பொருட்டு, நைட்ரஜனோடு சிறிதளவு ஹைட்ரஜனையும் சேர்த்து அதன் மேல் பரப்பி வைப்பார்கள். அந்த ஹைட்ரஜனோ நூற்றுக்கு நான்கு பங்கிலிருந்து எழுபத்தைந்து பங்கு வரையில் பற்றக்கூடியது. அதைப் பற்றவைக்க ஒரு ஜூலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு சக்தியே போதுமானது. நாம் வீட்டில் ஸ்விட்சைத் தட்டும்போது அதன் வயிற்றுக்குள் தோன்றி மறையும் பொறி இதைவிடப் பன்மடங்கு பெரிது. இவை போதாவென்று, டயர் ஆலைகளில் ரப்பரைக் கரைத்த கரைசலின் ஆவியும், கார் பூர்த்தியாகி வரும் வரிசையின் கடைசியில் அதன் வயிற்றில் முதன்முதலாகப் பெட்ரோல் ஊற்றும் இடமும், உலர்த்தும் அடுப்புகளுக்கு எரிவாயு வரும் குழாய்களும் உள்ளன.

மின்சாரமும் எரியக்கூடிய ஆவியும் ஓரிடத்தில் வாசம் செய்யக்கூடாது என்பதை நம் நாட்டவர் மோட்டார் யுகத்துக்கு வெகு முன்பே அறிந்திருந்தார்கள். நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில், இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஆங்கிலேய ஸர்க்கார் நிறுவிய கார்டைட் தொழிற்சாலை, நைட்ரோ-கிளிஸரினையும் துப்பாக்கிப் பஞ்சையும் அஸிடோன் என்ற, மிக எளிதில் ஆவியாகும் திரவத்தில் பிசைந்து வெடிமருந்து செய்வதற்காக ஏற்பட்டது. அதற்கு வேண்டிய மின்சாரமோ, தென்னிந்தியாவின் மிகப் பழைய நீர்மின் நிலையங்களுள் ஒன்றான காட்டேரி அருவி நிலையத்திலிருந்து வந்தது. அஸிடோன் ஆவியும் மின்சாரமும் ஒரே மதிலுக்குள் சந்தித்த முதல் தமிழ்நாட்டுத் தலம் இதுவாகவே இருக்கக்கூடும். அக்காலத்து வெடிமருந்து ஆலைகளில் கையாண்ட உபாயம் மிகவும் எளியது. விளக்கைக் கட்டடத்துக்கு வெளியே, ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் வைத்து, ஒளியை மாத்திரம் உள்ளே அனுமதிப்பார்கள். ஆணி அடித்த செருப்போடு எவரையும் வாசற்படி தாண்ட விடமாட்டார்கள். சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் மருந்து கையாளும் கொட்டகைகளுக்குள் மின்விளக்கை அனுமதியாமல், பகல் வெளிச்சத்திலேயே வேலை செய்ய வேண்டுமென்று விதித்திருப்பதும் இதே ஸம்பிரதாயத்தின் தொடர்ச்சிதான். அபாயமான இடத்துக்கு எந்த மின்சார உபகரணத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு, ஒன்றும் வேண்டாம் என்பதே மிகப் பழைய பதில்; இன்றைக்கும் அதைவிடச் சிறந்த பதில் கிடையாது. பெயிண்ட் அறைக்குள்ளே இருக்கும் ஸ்விட்சைச் சுவருக்கு வெளியே மாற்றிவிட முடியுமானால், எத்தனை விலையுயர்ந்த பிளேம்புரூப் ஸ்விட்சும் அதற்கு ஈடாகாது. இதை அறியாதவர்கள் இல்லை. ஆனாலும், வரைபடம் போடும் மேஜையில் இந்த யோசனை அடிக்கடி மறந்துபோகிறது.

வெளியே வைக்க முடியாத இடமும் உண்டு. நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கையும் யந்திரத்தையும் வெளியே வைத்துவிட்டு உள்ளே வேலை செய்வது எப்படி? நிலக்கரியினின்று கசியும் மீதேன் வாயு, காற்றில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பங்கு சேர்ந்தால் வெடிக்கும். இங்கிலாந்தில் 1812ல் பெல்லிங் என்ற சுரங்கத்தில் 92 பேர் மாண்ட பிறகு, ஹம்ப்ரி டேவி என்ற ரஸாயன சாஸ்திரி 1815ல் ஆராய்ந்து கண்ட ஓர் உண்மைதான் இந்தச் சரித்திரம் முழுவதற்கும் வித்து: மிகக் குறுகலான குழாயின் வழியாகவோ, நுண்ணிய கம்பி வலையின் வழியாகவோ தீச்சுவாலை கடந்து போக முடியாது, உலோகம் அதன் உஷ்ணத்தை உறிஞ்சிவிடுவதால் சுவாலை வழியிலேயே அணைந்துவிடுகிறது. இந்த உண்மையை வைத்து அவர் எண்ணெய் விளக்குக்கு வலைச் சட்டை போட்டார். கிட்டத்தட்டத் தொண்ணூறு வருஷங்களுக்குப் பின்னர், ஜெர்மனியில் கெல்ஸன்கிர்ஹன் நகரத்துச் சோதனைச் சாலையில் கார்ல் பைலிங் என்ற சுரங்க அதிகாரி, மின்சார மோட்டாருக்கும் இதே தத்துவம் பொருந்துமா என்று பரீட்சித்தார். மோட்டாரின் பெட்டிக்குள் வாயு புகுவதைத் தடுப்பது வீண் முயற்சி. சூடாகும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறும், ஆறும்போது வெளிக்காற்று உள்ளே நுழையும், அதோடு வாயுவும் நுழையும். ஆகவே, வாயு நுழையட்டும், உள்ளே வெடிக்கவும் வெடிக்கட்டும். பெட்டி உடையாமல் இருந்து, மூடியும் உடலும் சேரும் இடத்து அகன்ற உலோக விளிம்புகளுக்கு இடையே உள்ள மெல்லிய சந்தின் வழியாக வெளிவரும் சூடான வாயு, வெளியில் இருப்பதைப் பற்றவைக்க முடியாத அளவுக்குக் குளிர்ந்து வந்தால் போதும் என்பது அவர் கண்ட முடிவு. பிளேம்புரூப் பெட்டியின் ரஹஸ்யம் முழுவதும் இவ்வளவே. வெடியைத் தடுப்பதாகப் பலரும் எண்ணிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டி, உண்மையில் வெடிப்பதற்கென்றே தயாராக நிற்கிறது.

இரண்டாவது உபாயம் இதைவிடப் பெரிய துக்கத்தில் பிறந்தது. 1913 அக்டோபர் 14ந் தேதி, வேல்ஸ் தேசத்தில் ஸெங்கனித் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடியில் 439 தொழிலாளிகள் இறந்தார்கள். சுரங்கத்தில் ஸமிக்ஞை கொடுப்பதற்காக வெற்றுக் கம்பிகளை ஒன்றோடொன்று தொடச்செய்து மணியடிக்கும் வழக்கம் இருந்தது. அத்தகைய மணியின் பொறியே காரணமாக இருக்கலாம் என்று ஸந்தேகம் எழுந்தது. பாட்டரியின் அற்ப மின்சாரம் வாயுவைப் பற்றவைக்குமா என்று அதுவரையில் எவரும் ஆழ்ந்து யோசிக்கவில்லை. வீலர், தார்ன்டன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து, மின்சுற்றை எப்படி அமைத்தால் அதன் பொறி எந்த நிலையிலும் வாயுவைப் பற்றவைக்கும் சக்தியைப் பெறாது என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பெட்டியின் பலத்தை நம்புவது முதல் முறை. பொறியின் பலவீனத்தை நம்புவது இரண்டாம் முறை. இன்று ஒரகடத்து ஆலையில் பெயிண்ட் டாங்கியின் மட்டத்தை அளக்கும் சிறு கருவி, மில்லி-ஆம்பியர் கணக்கில் மின்சாரம் பெற்று, கனத்த கவசம் ஏதுமின்றி ஆவிக்கு நடுவிலேயே தைரியமாக உட்கார்ந்திருப்பது அந்த வேல்ஸ் தேசத்து மணியின் புண்ணியத்தினாலேதான்.

இந்தியாவுக்கு இந்த அறிவு இரண்டு வாசல்களின் வழியாக வந்தது. ஒன்று, நிலக்கரிச் சுரங்கம். வங்காளத்துப் போய்டி சுரங்கத்தில் 1936 டிஸம்பரில் 209 பேரும், ஆஸன்ஸோலுக்கு அருகே சினாகுரியில் 1958 பிப்ரவரியில் 170க்கு மேற்பட்டவர்களும், தோரியில் 1965 மே மாதத்தில் 268 பேரும் வெடிவிபத்துகளில் மாண்டார்கள். இவை எல்லாவற்றுக்கும் மின்சாரமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால், ஒவ்வொரு விபத்தும் சுரங்கத்துக்குள் எடுத்துச் செல்லும் எந்தச் சாமானையும் முன்கூட்டிப் பரீட்சை செய்தே அனுப்ப வேண்டும் என்ற பிடிவாதத்தை வலுப்படுத்திற்று. 1956ல் தன்பாத்தில் மத்திய சுரங்க ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதே வருஷத்தில் வெளிவந்த இந்திய மின்சார விதிகளிலும் வாயு கசியும் சுரங்கங்களுக்கென்று தனி ஷரத்துகள் இடம் பெற்றன. தன்பாத் நிலையத்தில், பெட்டியை ஓர் அறையில் வைத்து, உள்ளும் புறமும் வெடிக்கக்கூடிய கலவையை நிரப்பி, உள்ளே இருப்பதை வேண்டுமென்றே கொளுத்தி, வெளியே இருப்பது பற்றுகிறதா என்று மறுபடி மறுபடி பார்ப்பார்கள்; பற்றாவிட்டால்தான் ஸர்ட்டிபிகேட். பிற்காலத்தில் பெயர் மாறி, 2007ல் எரிபொருள் ஆராய்ச்சி நிலையத்தோடு இணைந்துவிட்ட போதிலும், தன்பாத் ஸர்ட்டிபிகேட் என்ற சொல்லுக்கு எலக்ட்ரிகல் காண்டிராக்டர்களிடையே இருந்த மதிப்பு குறையவில்லை. வாயு கசியும் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றுகூட இல்லாத தமிழ்நாட்டின் பெயிண்ட் அறைகளில், நெய்வேலிக்கு அப்பால் நிலக்கரியையே கண்டிராத தொழிலாளிகளின் உயிருக்கு, பீஹார் சுரங்கக்காரர்களுக்கென்று ஏற்பட்ட பரீட்சை காவலாக நிற்கிறதென்றால், தேசம் ஒன்று என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

மற்றொரு வாசல் பெட்ரோல். பென்னலூர்ச் சாலையில் ஆலைகள் வருமுன்பே, லாரிகளும் பஸ்களும் நின்று எண்ணெய் போட்டுக்கொண்ட பெட்ரோல் பங்குகளே இப்பகுதியில் ஆவிக்கு நடுவே மின்சார மோட்டார் ஓடிய முதல் இடங்களாக இருந்திருக்க வேண்டும். அவற்றுக்கு அதிகாரி, 1898ல் ஏற்படுத்தப்பட்ட வெடிபொருள் இலாகா. 1934ம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டமும், அதன் கீழ் 1937லும், 1976லும், 2002லும் வந்த விதிகளும் இந்த இலாகாவின் கையில் இருக்கின்றன. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட அதே இலாகாதான் இப்போது ‘பெஸோ’ என்று அழைக்கப்படுகிறது. 23 டிகிரிக்குக் கீழே பற்றக்கூடிய ஆவியை வெளியிடும் திரவம் எதுவாயினும், அது பெட்ரோலாயினும் தின்னராயினும், முதல் வகுப்பைச் சேர்ந்தது. அளவுக்கு மிஞ்சிச் சேமித்தால் லைஸென்ஸ் வாங்க வேண்டும். அந்த இடத்து மின்சாரச் சாமான்கள் இலாகாவின் அங்கீகாரம் பெற்றிருக்கவேண்டும். இது தவிர, 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், டாங்கி, தொட்டி போன்ற அடைபட்ட இடங்களுக்குள் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கைக் கொண்டுபோகக்கூடாதென்றும், எரியும் ஆவி இருக்கக்கூடிய இடமானால் பிளேம்புரூப் விளக்கையன்றி வேறெதையும் உபயோகிக்கக்கூடாதென்றும் கண்டிப்பாகச் சொல்லிற்று. ஸ்ரீபெரும்புதூர் ஆலை முதலாளி, ஆக, நாகபுரிக்கும், தொழிற்சாலை ஆய்வாளருக்கும், கிண்டியில் இருக்கும் மின் ஆய்வுத் துறைக்கும் தனித்தனியே பதில் சொல்லக் கடமைப்பட்டவர். எஜமானர்கள் பலராக இருப்பதனால் காவல் பலமாகும் என்று சொல்வதற்கில்லை. ஒருவர் பார்த்திருப்பார் என்று மற்றவர் இருந்துவிடுவதும் உலக வழக்கம்தானே!

1947ல் ஏற்பட்ட இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனம், இந்த இரண்டு நீரோட்டங்களையும் ஒன்று சேர்க்கும் காரியத்தை மேற்கொண்டது. பிளேம்புரூப் பெட்டியின் இலக்கணத்தைச் சொல்லிவந்தது ஐ.எஸ். 2148, அபாய இடங்களுக்கு உபகரணம் தேர்ந்தெடுக்க வழிகாட்டுவது ஐ.எஸ். 5571, இடங்களையே தரம் பிரித்துக் காட்டுவது ஐ.எஸ். 5572. எண்ணில் கடைசியாக வரும் இதுவே, என் அபிப்பிராயத்தில், முதலாவதாக வாசிக்கப்பட வேண்டியது. வெடிக்கும் கலவை எப்போதும், அல்லது நெடுநேரம், இருக்கும் இடம் பூஜ்ய ஜோன்; சாதாரண வேலையின்போதே அவ்வப்போது ஏற்படக்கூடிய இடம் ஒன்றாம் ஜோன்; ஏதோ கோளாறு நேர்ந்தாலன்றி ஏற்படாத, ஏற்பட்டாலும் சிறிது நேரமே நீடிக்கும் இடம் இரண்டாம் ஜோன். பழைய விதிகளில் இவற்றை டிவிஷன் என்று குறிப்பிட்டார்கள். டாங்கிக்கு உள்ளே பூஜ்யம்; அதன் வாயைச் சுற்றி ஒன்று; அதற்கும் அப்பால் இரண்டு; பிறகு சாதாரண இடம். கண்ணுக்குத் தெரியாத ஆவியின் மேல் காகிதத்தில் கோடு போட்டு, ஆவி இந்தக் கோட்டைத் தாண்டாது என்று கையெழுத்திடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை, அதைச் செய்தவர்களே அறிவார்கள். விசிறி நின்றுபோனால் என்ன ஆகும், தின்னர் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானதால் தரையோடு தவழ்ந்து கேபிள் பள்ளத்தில் இறங்குமா, ஹைட்ரஜனோ எல்லாவற்றிலும் லேசானதால் கூரையின் மடிப்பில் போய்த் தங்குமா, இவற்றையெல்லாம் பெயிண்ட் அறையில் வேலை செய்பவர், யந்திரம் வடிவமைத்தவர், காற்றோட்டம் அமைப்பவர் யாவரும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்த பிறகே அந்தக் கோட்டைப் போட வேண்டும். நடைமுறையிலோ பல இடங்களில், எலக்ட்ரிகல் காண்டிராக்டர் தனியே உட்கார்ந்து, முந்தைய ஆலையின் படத்தைப் பார்த்து, வட்டம் போட்டுவிட்டுச் சாமான் வாங்கப் போகிறார். உபகரணத் தேர்வு எல்லாவற்றுக்கும் கடைசியில் வர வேண்டியது. அது முதலில் வந்துவிடுகிறபோது, பணமும் விரயமாகி, காவலும் கெடுகிறது.

உலகம் முழுவதும் ஒரே இலக்கணம் நிலவவில்லை என்பது இன்னொரு தொல்லை. அமெரிக்கர்கள் தங்கள் தேசிய மின்சார விதித்தொகுப்பில், கிளாஸ், டிவிஷன் என்று வேறு விதமாகப் பிரித்து, கம்பிகளை இரும்புக் குழாய்க்குள் இழுத்து, இடையிடையே ஸீல் வைக்கும் முறையைக் கைக்கொண்டார்கள். ஆங்கிலேயரைப் பின்பற்றிய நாமோ, இரும்புக் கம்பிக் கவசம் சுற்றிய கேபிளைக் கிளாண்டு என்ற பித்தளைக் கழுத்தின் வழியாகப் பெட்டிக்குள் செலுத்தும் முறைக்குப் பழகினோம். சென்னைக்கு வடக்கே மணலியில், இந்திய ஸர்க்காரும், அமெரிக்க அமோக்கோ கம்பெனியும், ஈரானிய தேசிய எண்ணெய்க் கம்பெனியும் கூட்டாக 1965ல் தொடங்கிய மதராஸ் ரிபைனரி 1969ல் எண்ணெய் வடிக்க ஆரம்பித்தபோது, பெரிய அளவில் பிளேம்புரூப் சாமான்களைக் கையாளும் பள்ளிக்கூடம் ஒன்று இந்நகரத்தின் வாசலிலேயே திறந்தாற்போல் ஆயிற்று.

பென்னலூர்ப் பக்கத்து ஆலைகளின் விசேஷம், இங்கே கொரியாவும், ஜப்பானும், பிரான்ஸும், ஜெர்மனியும் தத்தம் யந்திரங்களோடு தத்தம் முத்திரைகளையும் கொண்டுவந்ததுதான். ஐரோப்பியர்கள் 1994ல் இயற்றி, 2003 ஜூலை முதல் கட்டாயமாக்கிய ‘அடெக்ஸ்’ என்ற சட்டத்தின் முத்திரை ஒரு மோட்டாரில். சர்வதேச மின்நுட்ப ஸபையின் ஏற்பாட்டில் நடக்கும் ‘ஐ.இ.ஸி.-எக்ஸ்’ முத்திரை மற்றொன்றில். தன்பாத் ஸர்ட்டிபிகேட்டும் பெஸோ அங்கீகாரமும் பெற்ற சுதேசி விளக்கு அதற்குப் பக்கத்தில். வெளிநாட்டு முத்திரை எவ்வளவு உயர்ந்ததாயினும், பெஸோவின் அதிகாரத்துக்கு உட்பட்ட இடத்தில் அதன் அங்கீகாரம் இல்லாமல் செல்லாது என்பதை, யந்திரம் துறைமுகத்தில் வந்து இறங்கிய பின் அறிந்து தவித்த கம்பெனிகள் உண்டு. சர்வதேச இலக்கணத்தையே இந்தியாவும் ஏற்று, ஐ.எஸ்./ஐ.இ.ஸி. 60079 என்ற வரிசையில் பிரசுரித்துவிட்டபடியால், இந்த முரண் இப்பொழுது பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. தீராமல் இருப்பது நம்முடைய வெயில். பெட்டியின் தகட்டில் வேறொன்றும் குறிப்பிடாவிட்டால், அது பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியிலிருந்து மேலே 40 டிகிரி வரையிலான சுற்றுச்சூழலுக்கே தகுதியானது என்பது அந்த இலக்கணம். ஸ்ரீபெரும்புதூரின் சித்திரை, வைகாசி மாதத்து உச்சிவெயிலில் தகரக் கூரைக்கு அடியில் 40 டிகிரி என்பது மிதமான உஷ்ணம்! பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக் குளிருக்கு நமக்கு உத்தரவாதம் அளித்தவர்கள், மேலே ஐந்தாறு டிகிரி சேர்த்துக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஆகையால், 45 அல்லது 50 டிகிரிக்குச் சோதித்து, அதைத் தகட்டிலே பொறித்த சாமானைக் கேட்டு வாங்குவதே விவேகம்.

உஷ்ணத்தைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கென்றால், பற்றவைப்பதற்குப் பொறியே வேண்டுமென்பதில்லை. சூடேறிய மோட்டாரின் மேற்பரப்பும் போதும். அதனால், உபகரணத்தின் மேற்பரப்பு எவ்வளவு சூடாகலாம் என்பதை ஆறு வகுப்புகளாகப் பிரித்தார்கள்: டி-1 என்றால் 450 டிகிரி வரை, டி-3 என்றால் 200, டி-4 என்றால் 135, டி-6 என்றால் 85. வாயுக்களையும் அவ்வாறே, எத்தனை குறுகிய சந்தின் வழியாக அவற்றின் சுவாலை நழுவி வெளிவரும் என்பதைக் கொண்டு தரம் பிரித்தார்கள். சுரங்கத்து மீதேன் தனிப் பிரிவு. ஆலைகளில், பெயிண்ட் ஆவியும் பெட்ரோலும் ‘டூ-ஏ’, எதிலீன் ‘டூ-பி’, ஹைட்ரஜனும் அஸிடிலீனும் ‘டூ-ஸி’. பரீட்சைக் கூடத்தில் மீதேனின் சுவாலையைத் தடுக்க 1.14 மில்லிமீட்டர் சந்து போதும். ஹைட்ரஜனுக்கு அது 0.29 மில்லிமீட்டருக்குக் குறுக வேண்டும். இதன் பயனாக, பெயிண்ட் அறைக்குப் பரிபூரணமாகப் பொருந்தும் விளக்கு, கண்ணாடி ஆலையின் ஹைட்ரஜன் அறையில் வெறும் அலங்காரமாகிவிடுகிறது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் தகட்டிலுள்ள ஓர் எழுத்தில். ஸ்டோர் அறையில் இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்கி வைக்கிறவர்களை என்னவென்று சொல்வது!

பெயிண்ட் அடிப்பதற்கு மனிதருக்குப் பதிலாக ரோபோ வந்த பின்பு மூன்றாவது ஓர் உபாயம் இப்பக்கத்தில் பிரசித்தமாயிற்று. கைபோல் வளைந்து நெளியும் ரோபோவின் மூட்டுகளில் உள்ள மோட்டார்களுக்கெல்லாம் கனத்த கவசம் போட்டால் அது அசையவே அசையாது. ஆகவே, அதன் உடலுக்குள் சுத்தமான காற்றை, வெளியிலிருப்பதைவிடச் சற்று அதிக அழுத்தத்தில், ஓயாமல் செலுத்திக்கொண்டிருப்பார்கள். மின்சாரம் பாய்வதற்கு முன்பு, உள்ளே தங்கியிருக்கக்கூடிய ஆவியெல்லாம் வெளியேறும்வரை காற்று ஓட வேண்டும்; இடையில் அழுத்தம் குறைந்தால் மின்சாரம் தானே நின்றுவிட வேண்டும். காலை ஷிப்டில் ரோபோ உயிர்பெறுவதற்குமுன் சில நிமிஷங்கள் மௌனமாக மூச்சிழுப்பதைப் பொறுக்காத உற்பத்தி மேற்பார்வையாளர்களுக்கும், அந்த நிமிஷங்களைக் குறைக்கச் சம்மதியாத மின்சாரப் பிரிவினருக்கும் நடக்கும் வாக்குவாதம், அநேகமாக எல்லா மோட்டார் ஆலைகளிலும் கேட்கக்கூடியது.

ஜோன்களைப் பிரிக்கும் கோட்டுக்கு வெளியே என்ன நேரலாம் என்பதற்கு 2009 அக்டோபர் 29ந் தேதி ஜெய்ப்பூர் அருகே ஸீதாபுராவில் இந்தியன் ஆயில் கிடங்கில் நடந்த விபத்தைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை. வால்வு மாற்றும் வேலையில் நேர்ந்த பிசகினால் பெட்ரோல் பீறிட்டு, ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் கசிந்து, ஆவியானது மேகம்போல் கிடங்கு முழுவதும் பரவி, பின்பு பற்றிக்கொண்டது. 11 பேர் இறந்தார்கள். தீ பல நாள் எரிந்தது. விசாரணைக் குழுவினர் பொறியின் பிறப்பிடமாக ஊகித்தவற்றுள் ஒன்று, நிர்வாகக் கட்டடத்தில் இருந்த சாதாரண மின்சாரச் சாமான். மற்றொன்று, வாகனம் ஒன்றைக் கிளப்பியபோது எழுந்த பொறி. அக்கட்டடத்தில் பிளேம்புரூப் போடவில்லையே என்று எவரும் குறை சொல்ல முடியாது. எந்த வரைபடத்திலும் அது அபாய எல்லைக்குள் வராது. சிறு கசிவை எண்ணிப் போட்ட கோடு, பெருங்கசிவை மதித்துப் போட்டது அல்ல. உபகரணம் எவ்வளவு சிறந்ததாயினும், ஒன்றேகால் மணி நேரம் பெட்ரோல் கொட்டுவதற்கு அதனிடம் மருந்து கிடையாது. கசிவை உணர்த்தும் கருவியும், தூரத்திலிருந்தே மூடக்கூடிய வால்வும்தான் அங்கே பேச வேண்டியவை.

நம் பக்கத்து ஆலைகளில் பெட்டி கெட்டுப்போவது இத்தனை ஆடம்பரமாக அல்ல. பதினாறு போல்ட் இருக்கவேண்டிய மூடியில், பராமரிப்புக்காகத் திறந்தவர் அவசரத்தில் பன்னிரண்டை மாட்டிவிட்டுப் போகிறார். உபயோகப்படாத கேபிள் துளைக்கு முறையான உலோக அடைப்பைத் திருகாமல், இன்ஸுலேஷன் டேப்பைச் சுற்றி வைக்கிறார். விளிம்புகள் துருப் பிடிக்கக்கூடாதென்ற நல்லெண்ணத்தோடு அவற்றின் மேல் பெயிண்ட் பூசி, பைலிங் கணக்கிட்ட சந்தையே மாற்றிவிடுகிறார். கவசக் கேபிளுக்குச் சாதாரணக் கிளாண்டைப் போட்டுப் பத்து ரூபாய் மிச்சம் பிடித்து, பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டியை வெறும் இரும்பாக்குகிறவரும் உண்டு. பெயிண்ட் அடிக்கும் அறையிலோ, தெறித்து வரும் துகள் மோட்டாரின் மேல் நாளடைவில் கம்பளிபோல் படிந்து, டி-4 என்று தகட்டில் எழுதியிருந்தாலும், மோட்டாரை அதற்கு மேல் சூடாக்குகிறது. இவற்றில் எதையும் வாங்கும்போது கொடுத்த ஸர்ட்டிபிகேட் காட்டாது. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஸ்பானரோடும் பீலர் கேஜோடும் சுற்றி வரும் ஓர் ஆள்தான் காட்டுவார். அந்த ஆளுக்குத் தனியாகப் பயிற்சியும் தனி ஸர்ட்டிபிகேட்டும் வேண்டுமென்று ஐரோப்பாவில் வற்புறுத்த ஆரம்பித்து வெகு காலமாகிறது. இங்கே, பெரிய கம்பெனிகளில் நடைமுறைக்கு வந்த அந்த வழக்கம், அவர்களுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளை இன்னும் எட்டவில்லை. தின்னர் டிரம்மும், பெயிண்ட் கன்னும், சாதாரண டியூப் லைட்டும் ஒரே கூரையின் கீழ் இருப்பது அங்கேதான்.

இதற்கிடையில் பெயிண்டே மாறிக்கொண்டு வருகிறது. தின்னருக்குப் பதில் தண்ணீரைப் பெரும்பகுதியாகக் கொண்ட வர்ணங்களை, ஆவியைக் குறைக்க வேண்டுமென்ற சுற்றுச்சூழல் சட்டங்களின் நிர்ப்பந்தத்தால், மோட்டார் கம்பெனிகள் உலகெங்கும் கைக்கொள்ளுகின்றன. மேல்பூச்சுக்கு மட்டும் இன்னும் பெரும்பாலும் பழைய ஆவித் திரவமே. அடிப்பூச்சு நடக்கும் கூடத்தில் ஒன்றாம் ஜோன் சுருங்குகிறது, மேல்பூச்சுக் கூடத்தில் இருந்தபடியே இருக்கிறது, குழாய்களைக் கழுவும் திரவம் வைத்திருக்கும் மூலையிலோ புதிதாக ஒன்று முளைக்கிறது. உற்பத்தி முறை மாறும்போதெல்லாம் கோடுகளையும் திருத்தி வரைய வேண்டுமென்பது விதி. எனினும், ஆலை திறந்த வருஷத்தில் போட்ட வரைபடத்தை அதே தேதியோடு கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி, ஆய்வுக்கு வருபவர்களுக்குக் காட்டுகிற கம்பெனிகள் சில இருக்கின்றன. அத்தகைய படத்தைக் காட்டினால், கையில் பென்ஸிலோடு வரும் ஆய்வாளர் முதலில் கேட்பது, அதன் கீழ்மூலையில் உள்ள திருத்தக் கட்டத்தில் கடைசியாகக் கையெழுத்திட்டவர் யார் என்பதைத்தான்.